லண்டனில் 'இந்தியன் ரெஸ்டாரன்ட்' தேடாதீர்கள்

இந்த வாரம் நேயர் ஒருத்தரோட கேள்வியில இருந்து ஆரம்பிக்கலாம். லண்டனுக்குப் படிக்க வந்த பொண்ணு. அப்பாவும் அம்மாவும் முதல் முறையா 10 நாள் வர்றாங்க. அம்மா சுத்த சைவம். அப்பாவுக்குச் சர்க்கரை, நேரத்துக்குச் சாப்பிட்டாகணும். தங்குற இடம் நகரத்து நடுவுல. "இந்தியன் ரெஸ்டாரன்ட்னு போட்டுத் தேடினா நூறு கடை வருது, எல்லாத்துக்கும் நாலரை நட்சத்திரம். எதை நம்புறது? கையில காசும் அளவாத்தான் இருக்கு"ன்னு எழுதியிருக்காங்க.

அவங்க தேடுற வார்த்தையிலதான் சிக்கல். பிரிட்டன்ல 'இந்தியன்'னு பலகை போட்ட பழைய கறி ஹவுஸ்கள்ல பெரும்பாலானதை நடத்துறவங்க இந்தியர்கள் இல்ல. வங்கதேசத்துக்காரங்க, அதிலும் சில்ஹெட் பக்கத்து ஆட்கள். அந்தப் பகுதியில இருந்து கப்பல் வேலைக்குப் போனவங்க லண்டன் துறைமுகத்துல இறங்கித் தங்கினாங்க. இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம், குண்டு விழுந்து பாழான சின்னச் சின்னக் கடைகளை மலிவா எடுத்து நடத்தினாங்க. மீனும் சிப்ஸும் வித்த இடத்துல கறியும் சோறும் சேர்ந்தது. அப்போ வங்கதேசம்னு ஒரு நாடே கிடையாது. பலகையில 'இந்தியன்'னு எழுதினாங்க, அது அப்படியே நிலைச்சுடுச்சு.

வந்து சாப்பிட்டது வெள்ளைக்காரங்க. அவங்க நாக்குக்கு ஏத்த மாதிரி ஒரு முறை உருவாச்சு. காலையிலேயே வெங்காயத்தை வேகவெச்சு அரைச்சு ஒரு பெரிய அண்டா கிரேவி. ஆர்டர் வந்ததும் அதுல கிரீமும் தேங்காயும் போட்டா கோர்மா, மிளகாய்த்தூள் கூட்டினா 'மெட்ராஸ்', இன்னும் கூட்டினா விண்டலூ. மெட்ராஸ்ல பொறந்து வளர்ந்த யாரும் அந்த மெட்ராஸ் கறியை ஊர்ல பார்த்திருக்க மாட்டாங்க! இதைக் கேவலமாச் சொல்லலை. அது அந்த நாட்டுச் சாப்பாடு, வெள்ளிக்கிழமை ராத்திரி ஜனங்க ஆசையாச் சாப்பிடுறாங்க. ரசம் சாதம் தேடுற அம்மாவுக்கு அது உதவாது, அவ்வளவுதான்.

அதனால கடை வாசல்ல நிக்கும்போது ஒரே ஒரு கேள்வி போதும்: இவங்க யாருக்காகச் சமைக்கிறாங்க? பிரிக் லேன்ல வாசலுக்கு வாசல் ஆள் நின்னு 'தள்ளுபடி, வாங்க வாங்க'ன்னு கூப்பிடுறது சுற்றுலாக்காரங்களுக்கான சமையல். அதே வட்டாரத்துல சில்ஹெட்காரங்க தங்களுக்காக நடத்துற சின்னக் கடைகளும் உண்டு. சாத்கரான்னு நார்த்தங்காய் மாதிரி ஒண்ணு போட்டுக் கறி வைப்பாங்க, ஆத்து மீன் குழம்பு இருக்கும். ஒரே தெரு, ஒரே ஊர்க்காரங்க, ரெண்டு வேற சமையல். நட்சத்திரம் இந்த வித்தியாசத்தைச் சொல்லாது. நட்சத்திரம் போட்டவருக்கு சாம்பார்னா என்னன்னு தெரியுமான்னு நமக்கு எப்படித் தெரியும்?

சரி, ட்யூப் மேப்பை எடுத்துக்கோங்க. நடுநகரத்துல இருக்கும்போது யூஸ்டன் ஸ்டேஷன் பக்கத்துல டிரம்மண்ட் தெரு. சைவத்துக்குப் பேர் போன இடம், திவானா பேல்பூரி ஹவுஸ் 1970-கள்ல இருந்தே பேர் சொல்ற கடை. அதிவேக ரயில் வேலைக்காக யூஸ்டனைச் சுத்தி இடிக்க ஆரம்பிச்சதும் இந்தத் தெருவோட வியாபாரம் ரொம்ப அடி வாங்குச்சு. போறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டுடுங்க, ஆனா கண்டிப்பாப் போங்க.

சவுத்தால் பஞ்சாபிகள் ஊர். எலிசபெத் லைன் வந்தப்புறம் போறது சுலபம். பேடிங்டன்ல ஏறினா சுமார் 20 நிமிஷம்தான். வெம்பிளியில ஈலிங் ரோடு குஜராத்திகளோடது, ஆல்பர்டன் ஸ்டேஷன்ல இறங்கி நடக்கலாம். அம்மாவுக்கு அங்க கவலையே இல்ல. முழுச் சைவக் கடைகள் வரிசையா இருக்கு, சிலதுல வெங்காயம் பூண்டு இல்லாமக் கேட்டாலும் கிடைக்கும். ஆனா குஜராத்திப் பருப்புல வெல்லம் போடுவாங்க. அப்பாவை அங்க ஒரு கண் பார்த்துக்கோங்க.

நம்ம ஆட்களுக்கு டூட்டிங், இல்லேன்னா ஈஸ்ட் ஹாம். டூட்டிங்ல ஸ்ரீ கிருஷ்ணா 1973-ல தொடங்கின கேரளச் சமையல். நான் அதிகம் பேச நினைக்கிறது ஈஸ்ட் ஹாம் பத்தி. டிஸ்ட்ரிக்ட் லைன்ல கிழக்கே போய் இறங்கி ஹை ஸ்ட்ரீட் நார்த்ல நடந்தீங்கன்னா மகாலட்சுமி கோயில், இன்னும் மேல போனா மேனர் பார்க் முருகன் கோயில். நடுவுல டிபன் கடை, முருங்கைக்காய் விக்கிற மளிகைக் கடை, நகைக் கடை. கோயில் இருக்கிற தெருவுல சாப்பாடு தேடுங்கன்னு நான் சொல்றது பக்திக்காக இல்ல. வாராவாரம் திரும்பி வர்ற கூட்டம் அங்க இருக்கு. திரும்பி வர்றவங்களை ரொம்ப நாள் ஏமாத்த முடியாது.

முதல் தடவை போற கடையில தோசை சொல்லாதீங்க, இட்லி சொல்லுங்க. மாவு சுமாரா இருந்தாலும் நெய் விட்டு முறுகலாச் சுட்டா தோசை தப்பிச்சுடும். இட்லி தப்பிக்காது. லண்டன் குளிர்ல மாவு பொங்கறதே பெரும்பாடு. ஜனவரி மாசத்துல ஒரு கடை பஞ்சு மாதிரி இட்லி குடுத்தா, அந்தச் சமையலறையில அக்கறை உள்ள ஆள் ஒருத்தர் இருக்கார்னு அர்த்தம். மெனுவுல நூடுல்ஸ், கோபி மஞ்சூரியன் இருக்கேன்னு பயப்படாதீங்க. சென்னையில அது இல்லாத ஓட்டல் எத்தனை?

இன்னொண்ணு. இந்தப் பக்கம் 'சவுத் இண்டியன்'னு போட்ட பல கடைகள் ஈழத்துக்காரங்களோடது. அங்க போய் நெய் ரோஸ்ட் மட்டும் சாப்பிட்டு வந்தா நஷ்டம் நமக்குத்தான். ஒரு சனிக்கிழமை கல்லாவுல இருந்த அண்ணாகிட்ட என்ன நல்லா இருக்கும்னு கேட்டேன். "தம்பி, தோசை எங்கையும் கிடைக்கும். இண்டைக்கு ஒடியல் கூழ் இருக்கு, குடிச்சிட்டுப் போங்கோ"ன்னார். மெனு அட்டையில அது கிடையாது. இடியாப்பமும் சொதியும், கொத்து ரொட்டி, மட்டன் ரோல், எல்லாத்தையும் இப்படிக் கேட்டுத்தான் சாப்பிடணும். அம்மாவுக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிடுங்க. சம்பல்ல மாசிக்கருவாடு இருக்கலாம், 'மீன் போடாததா?'ன்னு கேட்டு வாங்கணும்.

அப்பாவோட நேரம். லண்டன்ல நிறைய ரெஸ்டாரன்ட் மதியம் 3 மணி வாக்குல மூடி, சாயங்காலம் 5.30, 6 மணிக்குத்தான் திறப்பாங்க. மியூசியம் சுத்திட்டு 4 மணிக்குப் பசியோட வந்து நின்னா கதவு சாத்தியிருக்கும். சர்க்கரை இருக்கிறவருக்கு இது விளையாட்டில்ல. டிபன் கடைகள் பலது நாள் முழுக்கத் திறந்திருக்கும், அந்த மாதிரி ஒண்ணை முதல்லயே பார்த்து வெச்சுக்கோங்க. பையில ரெண்டு பிஸ்கட்டும் இருக்கட்டும்.

சுத்தம் பத்திக் கவலையா இருந்தா, ஃபுட் ஸ்டாண்டர்ட்ஸ் ஏஜென்சி இணையதளத்துல கடை பேரைப் போட்டா 0-ல இருந்து 5 வரைக்கும் ஒரு மதிப்பெண் வரும். வேல்ஸ்ல அதைக் கடை வாசல்ல ஒட்டியே ஆகணும், இங்கிலாந்துல கட்டாயம் இல்ல. வாசல்ல ஸ்டிக்கர் இல்லேன்னா நீங்களே தேடிப் பார்த்துடுங்க. அது சுத்தத்துக்கான மார்க் மட்டும்தான், ருசிக்கு இல்ல.

கடைசியா பில். நடுநகரத்துல 12.5 சதவீதம் சர்வீஸ் சார்ஜ்னு சேர்த்திருப்பாங்க. 'ஆப்ஷனல்'னு போட்டிருந்தா எடுக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆனா 2024 அக்டோபர் 1-ல இருந்து அந்தப் பணம் முழுக்க ஊழியர்களுக்குத்தான் போகணும்னு அங்க சட்டம். நல்லாப் பரிமாறியிருந்தா விட்டுடுங்க.

10 நாள் முடிஞ்சதும் அப்பா, அம்மா எங்க நல்லாச் சாப்பிட்டாங்கன்னு எழுதுங்க, இங்கேயே வாசிக்கிறேன். அடுத்த வாரம் சந்திப்போம்.