மறைநூலின் பாவிகம்

தண்டியலங்காரம் பாவிகம் என்றோர் அணியைக் கூறும். ஏனைய அணிகள் தனிப்பாடலில் விளங்குவன; பாவிகமோ காப்பியம் முழுமையும் ஊடுருவி நிற்கும் பண்பு. ஒரு பாடலைப் பிரித்தெடுத்து அதனைக் காட்டல் இயலாது. முழுதும் கற்றார்க்கே அது புலனாகும்.

திருவிவிலியத்தைக் கற்பார்க்கும் இந்நெறி பொருந்தும். பலர் கையால், பல நூற்றாண்டுகளில் எழுதப்பெற்ற நூல்களின் தொகுதி அது. சட்டம், வரலாறு, புலம்பல், காதற்பாட்டு, மடல் என அதன் வகைகள் பல. அவற்றைக் கிறித்தவர்க்கு ஒரு நூலாக்கும் பாவிகம் கிறித்துவே. வீரமாமுனிவர் இதனை நன்குணர்ந்தவர். தேம்பாவணியின் 3615 பாடல்களில் பழைய ஏற்பாட்டுக் கிளைக்கதைகள் பல உள. பாட்டுடைத் தலைவன் வளன். எனினும் அவன் ஏந்திய குழந்தையே காப்பியத்தின் உயிர்.

நாசரேத்தூர்த் தொழுகைக் கூடத்தில் இயேசு எசாயாவின் ஏட்டுச் சுருளை வாசித்ததை லூக்கா நற்செய்தி 4ஆம் அதிகாரம் கூறுகிறது. ஏழையர்க்கு நற்செய்தி, சிறைப்பட்டோர்க்கு விடுதலை, ஆண்டவர் அருள்தரும் ஆண்டு என வாசித்தவர், அங்கே நிறுத்திச் சுருளை மூடிவிடுகிறார். எசாயா 61ஆம் அதிகாரத்தில் இறைவன் பழிவாங்கும் நாளைப் பற்றிய தொடர் அடுத்து நிற்கிறது. அதனை அவர் வாசிக்கவில்லை என்பது நோக்கற்பாலது. லூக்காவின் அதே அதிகாரத்தில், சற்று முன்னர், அலகையும் திருப்பாடல் ஒன்றை மேற்கோள் காட்டுகிறது. அதன் சொல்லிற் பிழையில்லை, நோக்கமே பிழை.

நடு தவறினால் விளையும் கேடு சிறிதன்று. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கத் தென் மாநிலங்களில் அடிமை முறையை நிலைநிறுத்த முயன்றோர், நோவா கானானைச் சபித்த செய்தியைத் தொடக்கநூல் 9ஆம் அதிகாரத்திலிருந்து சான்றாகக் காட்டினர். அடிமையாய்ப் பிறந்து தப்பிச்சென்ற பிரெடரிக் டக்ளஸ், 1845-இல் வெளியிட்ட தன்வரலாற்றின் பிற்சேர்க்கையில், அந்நாட்டில் வழங்கிய கிறித்தவம் வேறு, கிறித்துவின் கிறித்தவம் வேறு எனப் பிரித்துக் காட்டினார். இருசாரார் கையிலும் இருந்தது ஒரே நூல். ஆண்டைகள் பற்றிக்கொண்டது ஒரு வரியை. டக்ளஸ் பற்றிக்கொண்டது பாவிகத்தை.

எனினும், கிறித்துவை நடுவில் வைத்தல் என்பது ஒவ்வோர் அடியிலும் அவர் பெயரை வலிந்து புகுத்துதல் அன்று. அந்நூல்களுள் முற்பட்டவை யூதப் பெருமக்களின் மறையாகவும் விளங்குவன. அவற்றின் குரலை அடக்குதல் தகாது. திருப்பாடல் 88 இருளிலேயே முடிகிறது. அதற்கோர் ஒளியை ஒட்டவைத்தல் உரையாசிரியர் கடமையன்று. சிலுவையில் கைவிடப்பட்டோராய்க் கதறியவர் அவ்விருளை அறிந்தவர் என்று உணர்ந்து, புலம்பலைப் புலம்பலாகவே கேட்டல் வேண்டும்.

எம்மாவு செல்லும் வழியில், சீடர் இருவர்க்கு மோசே முதலாக மறைநூல் முழுவதையும் விளக்கினார் உயிர்த்தெழுந்த கிறித்து. ஆயினும், அவர்தம் கண்கள் திறந்தது அவ்விளக்கத்தின்போதன்று; அந்திப்பொழுதில் அவர் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தபோதே என்கிறது லூக்கா 24ஆம் அதிகாரம். முன்பின் அறியாத வழிப்போக்கர் என்றே எண்ணி அவரைத் தங்குமாறு அழைத்த விருந்தோம்பலே அச்சீடரை அக்காட்சிக்குக் கொண்டு சேர்த்தது. விருந்து போற்றிய தமிழர்க்கு இஃது எளிதில் விளங்கும். படிப்பவர் வீட்டுப் பந்தியில் அயலார்க்கு இடமில்லையாயின், படிக்கும் நூலின் நடுவில் கிறித்துவை வைத்ததாகக் கூறுதல் வெறுஞ்சொல்லே ஆகும்.