களைப்பு என்று எழுதும் முன்



நாள்பட்ட களைப்பு நோய் பற்றிய கருத்தரங்குக்குத் தலைமை தாங்க ஒரு பொது மருத்துவரை அழைத்திருக்கிறீர்கள். நரம்பியல் வல்லுநர் யாராவது இங்கே நின்றிருந்தால் பொருத்தமாக இருக்குமே என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் இந்த நோயாளிகள் முதன்முதலில் வந்து உட்காருவது எங்கள் எதிரில். ‘உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்ற வாசகம் புறப்படுவதும் எங்கள் மேசையிலிருந்துதான். அந்த வகையில் எனக்கு இங்கே பேச இடமுண்டு.

2006இல் தமிழ்நாட்டைச் சிக்குன்குனியா புரட்டிப்போட்டது நினைவிருக்கும். அதற்குப் பிறகு என்னிடம் வந்தவர்களில் ஒரு பள்ளி ஆசிரியை. மூட்டுவலி சில மாதங்களில் விட்டது, அசதி விடவில்லை. ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை எல்லாம் நார்மல். முன்பு பார்த்தவர் சத்து மாத்திரை எழுதி, தினமும் வாக்கிங் போகச் சொல்லியிருந்தார். தலைக்குக் குளித்தால் அன்றைக்குச் சமையல் கிடையாது என்று அந்த அம்மா தனக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தார். பள்ளி ஆண்டுவிழாவில் இரண்டு மணி நேரம் நின்றார். அன்றிரவு ஒன்றுமில்லை. மறுநாள் மாலை தொண்டை வலித்தது, வெளிச்சம் கூசியது, படித்த வரியையே திரும்பப் படித்தும் மனதில் ஏறவில்லை. ஒரு வாரம் படுக்கை. வீட்டார் விழாவையும் பார்த்தார்கள், படுக்கையையும் பார்த்தார்கள். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை.

உழைப்புக்கு உடல் கந்துவட்டி வசூலிப்பதுதான் இந்த நோய். வசூலுக்கு ஆள் வருவது ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து. அமெரிக்காவின் ‘இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்’ 2015இல் வெளியிட்ட அறிக்கை, இந்தப் பின்விளைவு இல்லாமல் நோயை உறுதிசெய்யக் கூடாது என்றது. இதை ஆய்வுக்கூடத்தில் காட்டவும் முடியும். ஒருவரைச் சைக்கிள் மிதிக்கவைத்து அவர் எவ்வளவு ஆக்சிஜன் பயன்படுத்துகிறார் என்று அளக்கிறார்கள். 24 மணி நேரம் கழித்து மறுபடியும் அளக்கிறார்கள். உடற்பயிற்சியே செய்யாத சோம்பேறிக்கும் இரண்டு நாள் அளவும் ஏறக்குறைய ஒன்றாக வரும். இந்த நோயாளிகள் பலருக்கு இரண்டாம் நாள் அளவு இறங்கிவிடுகிறது. நோய் முற்றியவர்களை இப்படி மிதிக்கவிடுவது ஆபத்து என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவர்களைச் சுவரில் சாய்த்து 10 நிமிடம் நிற்கவைத்து நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறித்தாலே நிறைய தெரியும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் செய்யக்கூடிய சோதனை இது. நம்மில் எத்தனை பேர் செய்கிறோம்?

காரணம் என்ன என்ற கேள்விக்கு வருகிறேன். 1955இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் 292 பணியாளர்கள் நோயுற்று, மருத்துவமனையையே மூட வேண்டியதாயிற்று. அவர்களைக் கண்ணால் பார்த்த மருத்துவர் மெல்வின் ராம்சே அது தொற்றுக்குப் பிந்தைய நரம்புக் கோளாறு என்று கடைசிவரை சொன்னார். 1970இல் இரண்டு மனநல மருத்துவர்கள் பழைய குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்து, அது கூட்டு ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள். நோயுற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பது அவர்கள் காட்டிய காரணங்களில் ஒன்று. ஒரு நோயாளியையும் நேரில் பரிசோதிக்கவில்லை. பார்த்தவர் சொல்லைவிடப் பார்க்காதவர் சொல் பல பத்தாண்டுகள் செல்லுபடியானது. 1980களில் அமெரிக்காவின் நெவாடாவில் இதுபோன்ற நோய் பரவியபோது பத்திரிகைகள் ‘யப்பி ஃப்ளூ’ என்று கேலிப்பெயர் சூட்டின. வசதியான இளைஞர்களின் சிணுங்கல் என்று அதற்கு அர்த்தம்.

ஆஸ்திரேலியாவின் டப்போ ஊரில் நடந்த ஆய்வை 2006இல் வெளியிட்டார்கள். வெவ்வேறு மூன்று கிருமிகளால் காய்ச்சல் கண்டவர்களைத் தொடர்ந்து கவனித்ததில், ஆறு மாதம் கழித்து ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தது. தொடக்கக் காய்ச்சல் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதை வைத்து அதை முன்கூட்டிச் சொல்ல முடிந்தது. மனநிலையை வைத்துச் சொல்ல முடியவில்லை. 2025இல் எடின்பரோவிலிருந்து வந்த டீகோட்எம்இ ஆய்வு 15,579 நோயாளிகளின் மரபணுத் தரவில் எட்டு இடங்களைச் சுட்டியது. சில நோயெதிர்ப்போடும் சில நரம்பு மண்டலத்தோடும் தொடர்புடையவை. ரத்தத்தில் பார்த்துச் சொல்லும் சோதனை இன்னும் வரவில்லை.

பத்திரிகை நண்பர்களுக்கு இரண்டு கதைகளைச் சொல்ல வேண்டும். 2009இல் ‘சயின்ஸ்’ இதழில், நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினரிடம் எக்ஸ்எம்ஆர்வி என்ற வைரஸ் இருந்ததாக ஒரு கட்டுரை வந்தது. காரணம் கிடைத்துவிட்டது என்று உலகமே எழுதியது. சிலர் எய்ட்ஸ் மருந்துகளை வாங்கி விழுங்கத் தொடங்கினார்கள். அது ஆய்வகத்தில் கலந்த அழுக்கு என்று தெளிவாகி, 2011இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. முதல் செய்திக்குக் கிடைத்த எழுத்தளவு இரண்டாவதற்குக் கிடைக்கவில்லை.

அதே 2011இல், படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியும் மனப்பயிற்சியும் பலன் தருகின்றன என்று பிரிட்டனின் ‘பேஸ்’ ஆய்வு ‘லான்செட்’டில் வந்தது. மொத்தம் 641 நோயாளிகள். இரண்டு ஆண்டு கழித்து, அந்தப் பயிற்சிகளைப் பெற்றவர்களில் 22 சதவீதம் பேர் குணமடைந்ததாக அறிவித்தார்கள். அந்தக் குணத்தின் அளவுகோலைப் பாருங்கள். உடல் இயக்க மதிப்பெண் 65 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் ஆய்வில் சேரலாம். குணமானவர் எனப்பட 60 போதும். சேர்ந்த நாளைவிட மோசமாகிப் போனவர்கூட அந்த ஒரு கணக்கில் தேறிவிடலாம்! தொடக்கத்தில் வகுத்த அளவு 85. டேவிட் டல்லர் என்ற செய்தியாளர் 2015இல் இதைப் பிரித்து மேய்ந்தார். ஆஸ்திரேலிய நோயாளி ஒருவர் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் தரவைக் கேட்டு, 2016இல் தீர்ப்பாயத்தில் வென்றார். பழைய அளவுகோலில் மறுபடி கணக்கிட்டபோது குணமடைந்தவர்கள் உடற்பயிற்சிப் பிரிவில் 4 சதவீதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 3 சதவீதம். 2021இல் பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு அந்த உடற்பயிற்சியைக் கொடுக்கக் கூடாது என்று வழிகாட்டியை மாற்றியது. ஆய்வின் கணக்கைச் சரிபார்க்கும் வேலையை எங்கள் தொழில்காரர்கள் முதலில் செய்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

நம் நாட்டில் செய்தியாளருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கோவாவில் பெண்களிடையே நடந்து 2005இல் வெளியான ஆய்வில், ஆறு மாதமாக அசதி என்றவர்கள் 12 சதவீதம். அவர்கள் எல்லோருக்கும் இந்த நோய் என்று எழுதினால் அது பொய். அத்தனையும் ரத்தசோகை, வேலைப்பளு என்று தள்ளிவிட்டால், அந்த ஆசிரியையைப் போன்றவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். மருத்துவராக இருந்தாலும் நிருபராக இருந்தாலும், ஓய்வெடுத்தால் சரியாகிறதா, வேலை செய்த மறுநாள் என்ன ஆகிறது என்று கேளுங்கள். மே 12 விழிப்புணர்வு நாளுக்கு மட்டும் கொட்டாவி விடும் பெண்ணின் படத்தோடு ஒரு பெட்டிச்செய்தி போட்டுக் கடமையை முடித்துவிடாதீர்கள்.

அடுத்த அமர்வில் பேசவிருப்பவர் பல ஆண்டுகளாகப் படுக்கையில் இருப்பவர். இருட்டறையிலிருந்து இணையவழியில் 10 நிமிடம் பேசுவார். அதற்காக இந்த வாரம் முழுவதும் வேறு எதையும் செய்யாமல் இருந்திருக்கிறார். சத்தம் அவருக்கு ஆகாது, கைதட்ட வேண்டாம். கேள்விகளைத் தாளில் எழுதிக் கொடுங்கள், பதில் சில வாரங்களில் எழுத்தில் வரும். பேட்டி வேண்டுவோர் இன்று அவரை அழைக்க வேண்டாம். அமைப்பாளர்களிடம் பெயர் கொடுங்கள். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.