கவனமும் ஒரு மருந்தே



திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் நிறைவில், மருத்துவத்திற்கு நான்கு கூறுகள் உண்டு எனக் கூறப்படுகிறது. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அம்மருந்தை அருகிருந்து அளிப்பவர் என்பன அவை. மருத்துவமனையில் நேரும் பிழைகளுட் பெரும்பாலானவை தீய எண்ணத்தால் விளைவன அல்ல. இந்நான்கிற்கும் இடையே ஒருவர் அறிந்த செய்தி மற்றவரைச் சென்றடையாமையால் விளைவன. தீங்கு செய்யும் நோக்கம் இல்லாதபோதும் கவனமின்மையால் உயிர்க்கு ஊறு நேர்ந்தால் அதுவும் இம்சையே என்பது நம் அறநூல்களின் துணிபு. ஒரு பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் பார்த்துச் செய்க என்னும் ஆதான நிக்ஷேபண சமிதி, துறவியர்க்கு மட்டுமன்றி, ஊசி மருந்தைக் கையில் எடுக்கும் ஒவ்வொருவர்க்கும் பொருந்தும்.

நம் செங்கல்பட்டு மக்கள் மறவாத இரவு ஒன்று உண்டு. மாமல்லபுரம், கல்பாக்கம் கடலோரக் குப்பங்கள் முதல் மதுராந்தகம் வரையுள்ள ஏழை எளியோர்க்குப் புகலிடமாக விளங்குவது செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கொரோனாவின் இரண்டாம் அலை ஓங்கியிருந்த 2021 மே 4 இரவில், அங்கே சில மணி நேரத்திற்குள் பத்துக்கும் மேற்பட்ட நோயாளர் உயிரிழந்தனர். ஆக்சிஜன் குறைந்ததே காரணம் என உறவினர் கதறினர். இருப்பில் பற்றாக்குறை இல்லை என அதிகாரிகள் மறுத்தனர்.

எவரையும் பழிப்பது இங்கு நோக்கமன்று. ஆயினும் ஓர் உண்மையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தொட்டியில் இருப்பது வேறு. படுக்கையில் இருப்பவரின் மூச்சிற்கு எட்டுவது வேறு. திரவமாக உள்ள ஆக்சிஜன் வாயுவாக மாறி, நெடிய குழாய்களின் வழியே வந்து, போதிய அழுத்தத்துடன் படுக்கையை அடைதல் வேண்டும். ஒரே நேரத்தில் மிகப் பலர் அதனை ஈர்க்கும்போது அழுத்தம் தாழக்கூடும். அழுத்தமானியை நோக்கும் ஒரு கண், தாழ்ந்தவுடன் ஒலிக்கும் ஒரு மணி, அருகே ஆயத்தமாக நிற்கும் உருளைகள் ஆகியவை மருந்திற்கு ஒப்பானவை.

செய்தி சென்றடையாமையால் விளைந்த மற்றொரு துயரம், தென்கோடியில் விருதுநகர் மாவட்டத்துச் சாத்தூரில் நிகழ்ந்தது. 2018 டிசம்பரில் அங்குள்ள அரசு மருத்துவமனையில், இரத்தசோகைக்காகக் கருவுற்ற பெண் ஒருவருக்கு இரத்தம் ஏற்றப்பட்டது. சிவகாசி இரத்த வங்கியிலிருந்து வந்த அவ்விரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது. அதனை வழங்கிய இளைஞர் 2016-லும் இரத்த தானம் செய்தவர். அப்போதே அவர் இரத்தத்தில் தொற்று கண்டறியப்பட்டிருந்தும், அச்செய்தி அவரை எட்டவில்லை. வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் உண்மையை அறிந்தவுடன் அவர் தாமே முன்வந்து அதனைத் தெரிவித்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. துயர் தாங்காத அவர் அம்மாத இறுதியிலேயே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அறிந்ததை மறையாது உரைத்த ஒருவரே மடிந்தார் என்பது நெஞ்சை அறுக்கும் செய்தியன்றோ!

பிழையைத் தடுக்கும் வழிகள் அரியன அல்ல. 2008-இல் உலக சுகாதார நிறுவனம் அறுவைச் சிகிச்சைக்கெனப் பத்தொன்பது வினாக்கள் கொண்ட ஒற்றைத் தாள் ஒன்றை வகுத்தது. நோயாளி இவர்தாமா, அறுக்க வேண்டிய இடம் இதுதானா, ஒவ்வாமை உண்டா என அனைவர் காதிலும் விழுமாறு கேட்டு விடை பெறுதலே அதன் முறை. புதுதில்லி உள்ளிட்ட எட்டு நகரங்களில் அதனைப் பின்பற்றியபோது, நூற்றுக்கு 1.5 ஆக இருந்த இறப்பு 0.8 ஆகக் குறைந்தது. புதிய மருந்தோ புதிய கருவியோ அங்கே நுழையவில்லை. வாய்விட்டுக் கேட்கும் வழக்கமே நுழைந்தது.

அருகிருப்போராகிய நாமும் அவ்வழக்கத்தை மேற்கொள்ளலாம். வீட்டிலுள்ள முதியோர் உண்ணும் மருந்துகளையும், அவர்களுக்கு ஒவ்வாதவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஊசி போடும் முன்னும் இரத்தம் ஏற்றும் முன்னும் நோயாளியின் பெயரையும் இரத்தப் பிரிவையும் சொல்லிச் சரிபார்க்குமாறு பணிவுடன் கேளுங்கள். வீடு திரும்பும்போது மருத்துவர் கூறியதைத் திருப்பிச் சொல்லி, சரிதானா எனக் கேளுங்கள்.

நம் குடும்பங்களுக்கென ஒரு சிறப்பு எச்சரிக்கையும் உண்டு. பொழுது சாய்ந்தபின் உண்ணாமை நம் நோன்பு. இரவு உணவுக்கு முன் எனக் குறிக்கப்பட்ட சர்க்கரை நோய் மாத்திரையையோ இன்சுலினையோ, மாலையிலேயே உண்டு முடித்த முதியவர் வழக்கம்போல் இரவில் எடுத்துக்கொண்டால், சர்க்கரை மிகத் தாழ்ந்து நினைவிழக்க நேரலாம். உண்ணும் நேரத்தையும், தசலட்சண நாள்களில் மேற்கொள்ளும் உபவாசத்தையும் மருத்துவரிடம் முன்னரே கூறுங்கள். அவர் வேளையையும் அளவையும் மாற்றித் தருவார். கூறாமல் விடுவது அவர் பிழையன்று, நம் பிழை.

பிழை நேர்ந்துவிட்டால் கேள்வி கேட்பது நம் உரிமை. கை நீட்டுவது அறமன்று. அச்சம் சூழ்ந்த இடத்தில் பிழைகள் மறைக்கப்படும். மறைக்கப்பட்ட பிழை மீண்டும் நிகழும். நாள்தோறும் நம் குறைகளை நாமே எண்ணி ஒப்புக்கொள்ளும் பிரதிக்கிரமணம் நமக்குப் பழகிய நெறி. மருத்துவமனைகளும் தம் பிழைகளை ஒளியாது ஆராய்ந்து திருத்துமாயின், அடுத்த நோயாளி பிழைப்பார். மருந்து வாங்கித் தருவதோடு ஔஷத தானம் முடிந்துவிடுவதில்லை. அம்மருந்து உரியவர்க்கு, உரிய அளவில், உரிய வேளையில் சேர்ந்ததா எனப் பார்ப்பதும் அத்தானத்தின் பகுதியே.