பொறி பிறக்கும் கணம்



ஒரு காலத்தில் மோட்டார் வண்டியைப் புறப்படச் செய்வதற்கு, அதன் முன்னே குனிந்து நின்று இரும்புக் கைபிடி ஒன்றைச் சுழற்றல் வேண்டும். அமெரிக்காவில் போர்டு கம்பனியார் 1908ஆம் ஆண்டு முதல் 1927ஆம் ஆண்டு வரை செய்த 'ரீ' மாதிரி வண்டியைச் சுழற்றப் பழகுவோருக்கு முதலிற் சொல்லப்பட்டவை சில எச்சரிக்கைகளே. இடக்கையாற் சுழற்றுக, கீழ்நோக்கி அமுக்காது மேல்நோக்கி இழுக்க, பெருவிரலைக் கைபிடியைச் சுற்றி மடக்காது ஏனைய விரல்களின் பக்கத்திலேயே வைத்துக்கொள்க. இவற்றை மறந்தவர் சிலருக்கு மணிக்கட்டு முறிந்ததும் உண்டு. எஞ்சினுள்ளே ஒரு சிறு தீப்பொறி உரிய காலத்துக்குச் சற்று முன்னதாகப் பிறந்துவிடுவதே அதற்குக் காரணம்.

பெற்றோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையை முசலம் மேலெழுந்து உருளையினுள் நெருக்குகிறது. அவ்வேளை பொறி விழ, கலவை எரிந்து விரிந்து முசலத்தைக் கீழே தள்ளுகிறது. கையாற் சுழற்றும்போது எஞ்சின் மிக மெதுவாகவே சுழலும். அப்போது முசலம் உச்சியை அடையுமுன் பொறி விழுந்தால், ஏறி வந்த முசலம் வந்த வழியே திருப்பித் தள்ளப்படும்; கைபிடியும் எதிர்த்திசையிற் சுழன்று சுழற்றியவர் கையைத் தாக்கும்.

அவ்வாறாயின் எப்போதும் உச்சியைக் கடந்த பின்னரே பொறியை விடலாமே என்று ஒருவர் வினவக்கூடும். அங்கேதான் சிக்கல் இருக்கிறது. கலவை எரிந்து முடியச் சிறிது நேரம் செல்லும். நிமிடத்துக்கு 3000 முறை சுழலும் எஞ்சினில், ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் அச்சு 18 பாகை திரும்பிவிடும். ஆகவே விரைந்தோடும் எஞ்சினுக்குப் பொறி முந்த வேண்டும். புறப்படும் எஞ்சினுக்குப் பிந்த வேண்டும். 'ரீ' மாதிரி வண்டியில் இதற்கெனச் சுக்கானின் கீழே இடப்புறத்தில் ஒரு சிறு நெம்பு இருந்தது. அதனைப் பிற்படுத்த மறந்து கைபிடியைத் தொட்டவரே அடிபட்டார்.

இப் பொறி பிறக்கும் விதமும் வியப்புக்குரியது. பற்றரி தருவது 6 அல்லது 12 வோல்ற்று. நெருக்குண்ட கலவையினூடே, ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த இடைவெளியைப் பொறி தாண்டுவதற்கோ பல்லாயிரம் வோல்ற்று வேண்டும். கொயில் எனப்படும் தூண்டற் சுருளில், ஓர் இரும்பு அகணியைச் சுற்றித் தடித்த கம்பி சில நூறு சுற்றுக்களாகவும் மெல்லிய கம்பி பல்லாயிரம் சுற்றுக்களாகவும் அமைந்துள்ளன. தடித்த கம்பியில் மின் ஓடும்போது இரும்பு காந்தமாகின்றது. மாறுகின்ற காந்தம் அருகிலுள்ள கம்பியில் மின்னைப் பிறப்பிக்கும் என்பதை மைக்கேல் பரடே 1831ஆம் ஆண்டிற் காட்டினார். மாற்றம் எவ்வளவு விரைவோ அவ்வளவுக்கு வோல்ற்றும் உயரும். எனவே மின்னை இணைக்கும்போதன்று, சடுதியாகத் துண்டிக்கும்போதே பொறி பிறக்கிறது. ஓடும் நீரைத் திடீரென அடைத்தாற் குழாய் அதிர்வதை ஒக்கும் இது.

துண்டிக்கும் தொழிலைச் செய்வன, பட்டறைகளிற் 'பொயின்ற்' என வழங்கும் இரு சிறு உலோகமுனைகள். அவை பிரியும்போது மின் அவற்றினிடையே தாவ முயலும். தாவினால் முனை கருகும், துண்டிப்பும் தாமதமாகும். அதைத் தடுக்கவே அருகில் ஓர் ஒடுக்கி வைக்கப்பட்டது. நான்கு உருளை எஞ்சின் மேற்கூறிய வேகத்தில் ஓடும்போது இத்தனையும் விநாடிக்கு 100 முறை நிகழும்!

பற்றரியும் பொயின்றும் கொண்ட இம்முறையைச் செம்மைப்படுத்தியவர் அமெரிக்கரான சார்ள்ஸ் கெற்றறிங். 1912ஆம் ஆண்டுக் கடிலாக் வண்டியில் இடம்பெற்ற மின் தொடக்கியும் அவர் ஆக்கமே. அது பரவப் பரவக் கைபிடியின் அச்சம் ஒழிந்தது. பின்னர், வேகத்துக்கேற்ப விரியும் சிறு எடைகள் பொறியைத் தாமே முற்படுத்தின. சாரதியின் நெம்பும் மறைந்தது.

இக்காலப் பெற்றோல் வண்டிகளிற் பொயின்றும் இல்லை. அச்சின் நிலையை உணர்கருவி அறிவிக்க, ஒரு சிறு கணினி பொறியின் வேளையைக் கணிக்கின்றது. எரிதல் பிழைத்து எஞ்சின் 'தட்டும்' ஓசை எழுந்தால், வேறோர் உணர்கருவி அதனைக் கேட்க, பொறி உடனே பிற்படுத்தப்படுகிறது. முன்பு அவ்வோசையைச் சாரதியின் செவியே கேட்டது. அவர் இடக்கையே நெம்பைப் பின்தள்ளிற்று.