அரண்மனையும் அலுவலகமும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தலைமையாசிரியர் பேசுகிறார் என்றவுடன் தேர்வு, மதிப்பெண் என்று தொடங்குவோம் என நீங்கள் அஞ்சியிருக்கக் கூடும். இன்று அவற்றை விட்டுவிடுவோம். கட்டடப் பொறியியல் பயிலும் நம் இளைஞர் சிலர், பழைய அரண்மனைகளை இக்காலத்து அலுவலகங்களாக மாற்றுதல் தகுமா என்று வினவினர். அவ்வினாவுக்கே விடை கூற முயல்கின்றோம்.

சென்னைச் சேப்பாக்கம் அரண்மனையை எடுத்துக்கொள்வோம். ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜாவுக்காக 1768இல் எழுந்தது அது. கலச மகால், ஹுமாயூன் மகால் என இரு பகுதிகளை உடையது. 1855இல் கடைசி நவாபு மகவின்றி மறைந்தார். ஆங்கிலேயர் பட்டத்தை ஒழித்தனர். அரண்மனை ஏலத்துக்கு வந்து அரசின் கைக்கே போயிற்று. பின்னர் இராபர்ட் சிஷோம் என்னும் கட்டடக் கலைஞர் இரு மகால்களையும் இணைக்கும் கோபுரத்தை எழுப்பி, வருவாய் வாரியத்துக்கு ஏற்ப அதனை விரிவாக்கினார். ஆகவே அரண்மனையை அலுவலகமாக்குதல் புதுமையன்று. மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனையிலும் 1970 வரை நீதிமன்றம் நடைபெற்றது.

அரண்மனை நமக்கென்ன உறவு என்று கேட்பீர்கள். நவாபின் அவையில் நம் முன்னோருக்கு இருக்கை இட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அது அலுவலகமான பின் நம் வாழ்வு அங்கே தாளில் ஏறியது. 1891இல் செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர், நம் மக்களின் நிலையை எழுதி அரசுக்கு அறிக்கை அளித்தார். நிலமின்மையே அடிமைத்தனத்தின் வேர் என்பதை அவர் கண்டிருந்தார். வருவாய் வாரியம் அதனை ஆராய்ந்தது. 1892இல் அரசாணை பிறந்தது. இன்று நாம் பஞ்சமி நிலம் என்பது அவ்வழி வந்ததே. வாரியம் 1980இல் கலைக்கப்பட்டது. அதன் நடவடிக்கைக் குறிப்புகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

எனவே மாற்றுதல் தகும். எவ்வாறு மாற்றுவது என்பதே வினா. 2012 ஜனவரியில் கலச மகாலில் தீப்பற்றியது. அங்கே இயங்கிய அலுவலகங்களின் கோப்புகள் எரிந்தன; தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். மர உத்தரங்கள் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து இட்ட மெட்ராஸ் தளம் அதன் கூரை. அத்தகைய கட்டடத்தில் மரத்தடுப்புகளையும் தாள் மூட்டைகளையும் அடைத்து, மின்கம்பிகளை மேன்மேலும் இழுத்தால் என்னாகும்?

தீதான் வேண்டுமென்பதில்லை, மழையே போதும். நாம் முன்பு பணியாற்றிய ஊரில், பழைய மாளிகை ஒன்றில் ஓர் அலுவலகம் இருந்தது. கூரை ஒழுகி, நம் மாணவன் ஒருவனின் உதவித்தொகைக் கோப்பு மை கரைந்து போயிற்று. மறுபடி விண்ணப்பித்தோம். அவ்வாண்டுப் பணம் வரவில்லை. பையன் செங்கற்சூளைக்குப் போய்விட்டான். நல்ல கணக்கன் அவன்.

பழைய சுவரில் சிமெண்டைப் பூசுவது பெரும்பிழை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளிவிடும். சிமெண்டு அதனை உள்ளேயே அடைத்துச் சுவரை உதிரச் செய்யும். கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புச் சாந்தே பொருந்தும். அதனைப் பதமறிந்து அரைக்கும் கொத்தனார்கள் அருகி வருகின்றனர். நம் சேரிகளில் அக்கைத்திறன் உடைய முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கின்றனர். பொறியியல் பயிலும் பிள்ளைகள் அவர்களிடம் போய் அமர்தல் வேண்டும், அதில் வெட்கமென்ன? மின்கம்பிகளைச் சுவரைக் கொத்திப் பதிக்காமல் தனிக்குழாயில் கொண்டு செல்லுதல் நன்று. மூலக் கோப்புகளுக்கு நகலெடுத்து வேறிடத்தில் வைத்தலும் இன்றியமையாதது.

வாயிற்படியையும் சொல்ல வேண்டும். அரண்மனைப் படிகள் உயரமானவை. ஓய்வூதியம் கேட்டு வரும் பாட்டி ஏற முடியாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி சாய்தளம் அமைத்தாக வேண்டும். அதனால் அழகு கெடும் என்பாருடன் நமக்கு உடன்பாடில்லை.

கலச மகால் பழுது நீக்கப்பட்டு மீண்டெழுந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே கூடலாயிற்று. ஏரி மாசுபட்டது என்று எளியோரும் வழக்குரைக்க வரும் மன்றம் அது. இளைஞர்களை அழைத்துச் சென்று அக்கட்டடத்தைக் காட்டவும், மறுநாள் எழும்பூரில் நம் ஊர் நிலக் குறிப்புகளைத் தேடவும் எண்ணியுள்ளோம். வர விரும்புவோர் இன்றே செயலாளரிடம் பெயர் தருக. குறிப்பேடு ஒன்றும் எழுதுகோலும் மறவாமல் கொண்டு வருக.