களரியும் மேடையும்

நாடகம் ஒன்று அரங்கேறிய மறுநாள் அதன் நிறைகுறைகளை எடுத்துரைப்பதே விமரிசனம் என்று பலரும் கருதுவர். மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கிலும் உள்ள கூத்தூர்களின் வழக்கமோ வேறு. அங்கே மதிப்பீடு முன்னே நிகழும். அரங்கேற்றம் பின்னே வரும்.

ஊரிலே கூத்தொன்று ஆடுவதென முடிவானதும், அண்ணாவியார் அவரவர் குரலையும் உடற்கட்டையும் நோக்கிப் பாத்திரங்களைப் பகிர்ந்தளிப்பார். இதனைச் சட்டங்கொடுத்தல் என்பர். பின்னர் கிழமைதோறும் நடைபெறும் பயிற்சிக்குக் கிழமைக் கூத்து என்று பெயர். ஆட்டமும் பாட்டும் படிந்தபின் சதங்கை அணிவர். கூத்து முழுவதையும் ஒழுங்காக ஆடிப் பார்க்கும் அடுக்குப் பார்த்தலும் உண்டு. இவையெல்லாம் கடந்த பின்னரே அரங்கேற்றம்.

பழகும் இரவுகளில் ஊரவர் சூழ்ந்திருந்து பார்ப்பர். தாளம் தவறிய காலையும் சுருதி விலகிய குரலையும் முதியோர் அங்கேயே சுட்டிக் காட்டுவர். அக்கூத்தை இளமையில் தாமே ஆடியவர்கள் அவர்களுள் இருப்பர். குறை கூறுபவரும் குறை கேட்பவரும் மறுநாட் காலையில் ஒரே வயல்வெளியில் நிற்க வேண்டியவர்கள். ஆதலால், சொல் கடுமையாயினும் நோக்கம் திருத்துவதே.

அவர்களிடம் தெளிவான அளவுகோல்களும் உண்டு. வடமோடிக் கூத்துக்குப் பெரும்பாலும் பாரத, இராமாயணப் போர்க்கதைகளே பொருள். அரசர்க்கு விரிந்த கரப்புடுப்பும் பெரிய கிரீடமும் உரியன. வீரமே அங்கு எதிர்பார்க்கப்படுவது. தென்மோடியிலே காதல் கலந்த கற்பனைக் கதைகள் மிகுதி. உடை இலேசானது, ஆட்டத்தின் நுணுக்கமும் பாட்டின் இழைவும் அங்கே சிறப்புப் பெறும். ஒன்றன் கோலால் மற்றொன்றை அளத்தல் பொருந்தாது என்பதை எழுத்தறியாத முதியவரும் அறிவர்.

நகரத்து மேடைக்குக் கூத்து வந்தபோதுதான் இவ்வுண்மை மறக்கப்பட்டது. 1956 ஆம் ஆண்டில் பேராசிரியர் எதிரிவீர சரத்சந்திர, நாடகம எனும் மரபைத் தழுவி ‘மனமே’ என்ற சிங்கள நாடகத்தைக் கொழும்பில் அரங்கேற்றினார். மரபிலிருந்து நவீன நாடகம் பிறக்கலாம் என்பதை அது காட்டிற்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 1962 இல் ‘கர்ணன் போர்’, 1963 இல் ‘நொண்டி நாடகம்’, அவற்றையடுத்து ‘இராவணேசன்’ ஆகியவற்றை மேடையேற்றினார். அம்மாணவர்க்கு ஆட்டம் பயிற்றியவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். ‘இராவணேசன்’ கூத்தில் இராவணனாக ஆடிய சி. மௌனகுரு பிற்காலத்தில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களையே ஆராய்ந்து பேராசிரியராக விளங்கினார்.

விடியும்வரை ஆடப்பட்ட கூத்து இம்மேடைகளில் ஓரிரு மணி நேரத்துக்குள் அடங்கிற்று. இதனால் விளைந்த நன்மை சிறிதன்று. கிளைக்கதைகள் விலகவே, தம்பியையும் மைந்தனையும் போரிலே இழந்த இராவணனின் துயர் பார்வையாளர் முன் தனித்து நின்றது. கூத்தைப் பாமரர் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிய கற்றோரும் அதனை வியந்து நோக்கினர்.

ஆயினும் இழப்பும் உண்டு. வட்டக்களரியிலே நாற்புறமும் மக்கள் இருப்பர். கூத்தர் நாற்றிசையும் நோக்கி ஆடுவர். அண்ணாவியார் மத்தளத்துடன் நடுவே நிற்பார். படச்சட்டம் போன்ற மேடையோ ஒரு திசையை மட்டும் அறியும். அங்கே அண்ணாவியார் ஓரத்துக்குச் செல்கிறார். வரவு ஆட்டம் சுருங்குகிறது. விடியும்வரை கூடியிருந்த ஊர், நுழைவுச்சீட்டுப் பெற்ற சபையாக மாறுகிறது.

இந்நிலையில், மேடைக் கூத்தைச் ‘செம்மைப்படுத்தப்பட்டது’ என்று மட்டும் எழுதிவிடும் விமரிசகர், களரிக் கூத்துச் செம்மையற்றது என்று சொல்லாமற் சொல்லிவிடுகிறார். அச்சொல் ஊரை எட்டும்போது, தன் பாட்டன் ஆடியது குறையுடையது என்று இளைஞன் எண்ணத் தொடங்குகிறான். மத்தளம் பழக வருவோர் குறைந்தால் அடுத்த அண்ணாவியார் எங்கிருந்து தோன்றுவார்? அவர் இல்லையெனில் மேடைக் கூத்துக்கும் ஆசான் இல்லை. வேர் வாடியபின் கிளை எத்தனை நாள் தளிர்க்கும்?

இவ்வினாவுக்கு மட்டக்களப்பிலேயே ஒரு விடை முயலப்பட்டது. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் சீலாமுனைக் கிராமத்தில் சி. ஜெயசங்கர் முதலியோர், கூத்தை ஊர்க்களரியில் ஊரவருடனேயே மீளுருவாக்கம் செய்தனர். பழைய பிரதியில் இக்காலத்துக்கு ஒவ்வாத கருத்துகளை ஆடுவோரே கலந்துரையாடித் திருத்துவது அம்முறை. இங்கே விமரிசனம் வெளியிலிருந்து வரும் தீர்ப்பாக இல்லை. பழைய அடுக்குப் பார்த்தலின் விரிவாக அமைகிறது.

மேடைக் கூத்தும் வேண்டும்; களரிக் கூத்தும் வேண்டும். முன்னதிலே கதையின் ஒருமையையும் பாத்திரத்தின் ஆழத்தையும் தேடுதல் தகும். பின்னதிலே தாளக்கட்டின் நிறைவையும் ஊரின் பங்கேற்பையும் தேடுதல் தகும்.

நேயர்களே, வானொலியிலே கூத்துப் பாடல் ஒலிக்கும்; மத்தளமும் ஒலிக்கும்; சதங்கைக் காலைக் காண இயலாது. அதனைக் காண வாவிக்கரை ஊரொன்றின் களரிக்குத்தான் செல்லவேண்டும். அரங்கேற்றத்துக்கு மட்டுமன்றி, ஒரு கிழமைக் கூத்துக்கேனும் சென்று முதியோர் அருகே அமர்ந்து கேளுங்கள். கூத்தை எவ்வாறு மதிப்பிடுவது என்பதை அவர்களே கற்பிப்பர்.