தோழர் கண்ட கவிஞர்



மறைந்த நண்பரை நினைக்குங்கால் அவர் செய்த உதவிகளை எண்ணுவது உலக வழக்கு. அவர் நம்மீது வைத்த நம்பிக்கையை எண்ணுவோர் சிலரே. அவ்வாறு எண்ணத்தக்க நட்பொன்று ஆங்கில இலக்கிய வரலாற்றில் உண்டு.

அமெரிக்கரான றொபேட் புறொஸ்ற் 1912ஆம் ஆண்டில் மனைவி மக்களுடன் இங்கிலாந்து சேர்ந்தார். நாற்பதை நெருங்கும் வயது. தாய்நாட்டில் அவர் கவிதைகளைப் பொருட்படுத்தியோர் மிகச் சிலர். 1913 ஒக்டோபரில் இலண்டனில் எட்வேட் தோமஸ் என்பவரைச் சந்தித்தார். தோமஸ் பெயர்பெற்ற மதிப்புரையாளர். குடும்பத்தைக் காக்க ஓய்வின்றி உரைநடை நூல்களை எழுதிக் குவித்தவர். மனச்சோர்வு அவரை விடாது பற்றியிருந்தது. பிறர் கவிதையை நுணுகி ஆராய்ந்த அவர், தம்மைக் கவிஞராகக் கருதினாரல்லர்.

1914 கோடையில், குளொஸ்ரர்சயரிலுள்ள டைமொக் கிராமத்தின் அருகே இருவரும் அயலவராய் இருந்தனர். வயல்வெளிகளில் நெடுந்தூரம் நடந்து பேசினர். புறொஸ்ற் தம் தோழருக்கு, முயன்றால் முடியும் என்று பொதுப்படக் கூறவில்லை. (பரிசளிப்பு விழாக்களில் எம்மைப் போன்ற அதிபர்கள் தாராளமாக வழங்கும் சரக்கு அது!) இளவேனிலைத் தேடிச் சென்ற பயணத்தைப் பற்றித் தோமஸ் எழுதிய உரைநடை நூலின் பகுதிகளைச் சுட்டி, இவை கவிதையே, இதே ஓசையில் செய்யுளாக எழுதும் என்றார். அவர் காட்டிய சான்று தோமசின் சொந்த வாக்கியங்களே. மாணவனின் கட்டுரையில் நல்ல வாக்கியமொன்றின் கீழ்க் கோடிடுவது பல வாழ்த்துரைகளிலும் பயன்தரும் என்பது என் அநுபவம்.

இக்கடன் ஒருபக்கத்தது அன்று. புறொஸ்ற்றின் இரண்டாவது கவிதை நூல் அவ்வாண்டிலேயே வெளிவந்தபோது, தோமஸ் அதற்கு ஒன்றல்ல, மூன்று மதிப்புரைகள் எழுதினார். அறியப்படாத அந்நியரின் எளிய நடையைப் புதுமையென உணர்ந்து துணிந்து கூறியவர் அவர்.

1914 டிசெம்பரில், 36ஆம் வயதில், தோமஸ் கவிதை எழுதத் தொடங்கினார். புனைபெயரில் பத்திரிகைகளுக்கு அனுப்பியவற்றுட் பல திரும்பி வந்தன. ஆயினும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. ஏறத்தாழ இரண்டே ஆண்டுகளில் 140க்கு மேற்பட்ட கவிதைகளை இயற்றினார். 1915 பெப்ருவரியில் அமெரிக்கா திரும்பிய புறொஸ்ற், தோழரும் அங்கு வரவேண்டுமென விரும்பினார். தோமசோ அவ்வாண்டு யூலையில் படையிற் சேர்ந்தார்.

1917 ஏப்ரில் 9ஆந் தேதி, பிரான்சில் அராஸ் போர்முனையில் தோமஸ் மாண்டார். அவரது கவிதை நூல் அதன் பின்னரே வெளிவந்தது. அது காணிக்கையாக்கப்பட்டது புறொஸ்ற்றுக்கே.

புறொஸ்ற் 1963 வரை வாழ்ந்து பெரும்புகழ் கண்டார். தமக்கு வாய்த்த ஒரே சகோதரர் தோமஸ் என்று அவர் கடிதத்தில் எழுதினார். 1920இல் அவரை விளித்து ஒரு கவிதையும் வெளியிட்டார்.